செங்கற்பட்டின் தீர்ப்பும் ஜார்க்கண்டின் அரிசியும்

189, 191, 180. காசநோய்த் தடுப்பூசியின் நூறாண்டு வரலாற்றில் இந்த மூன்று எண்களைப் போல ஆராய்ச்சியாளர்களை அயரவைத்தவை வேறில்லை. 1968இல் அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்துக் கிராமங்களில் பி.சி.ஜி. ஊசிக்கு ஒரு பெரும் சோதனை தொடங்கியது. தொடக்கத்தில் காசநோய்க் கிருமி தொற்றியிராதவர்கள் என்று கண்டறியப்பட்ட ஏறத்தாழ 1,10,000 பேரைப் பதினைந்து ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். முழு அளவு மருந்து பெற்ற குழுவில் 189 பேருக்கும், அதில் பத்தில் ஒரு பங்கு பெற்ற குழுவில் 191 பேருக்கும், மருந்தில்லாத வெற்று ஊசி பெற்ற குழுவில் 180 பேருக்கும் நோய் வந்தது. ஊசி போட்டுக்கொண்டவருக்கும் போடாதவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 2024இல், அதே பி.சி.ஜி.யை இந்திய அரசு பல மாநிலங்களில் பெரியவர்களுக்குப் போடத் தொடங்கியது. அறுபது வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோயாளிகள், புகைபிடிப்பவர்கள், எடை குறைந்தவர்கள், முன்பு காசநோய் வந்து குணமானவர்கள், நோயாளியோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஆகியோருக்கு என்று வரையறுத்தார்கள். பின்னணி தெரிந்ததுதான். 2025க்குள் காசநோயை ஒழிப்பதாக 2018இல் உலகத்தின் முன் சொல்லியாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2015இல் லட்சம் பேருக்கு 237 பேர் என்றிருந்த புதிய நோயாளிகளின் விகிதம் 2024இல் 187க்கு வந்திருக்கிறது. குறைந்தது ஐந்தில் ஒரு பங்கு. குறைந்திருக்க வேண்டியது ஐந்தில் நான்கு பங்கு.

இந்த இடைவெளியின் முன் நிற்கும் அதிகாரிக்குக் கைக்கெட்டிய எதையும் முயன்று பார்க்கத் தோன்றும். பி.சி.ஜி. மலிவானது, இங்கேயே தயாராகிறது, பச்சைக் குழந்தைகளுக்குப் போட்டுப் போட்டு நம் செவிலியர்களுக்குக் கை பழகியது. ஆனாலும் இரண்டு கேள்விகளுக்கு விடை காணாமல் நகரக் கூடாது. பெரியவர்களுக்கு இந்த ஊசி பலன் தரும் என்பதற்கு ஆதாரம் எவ்வளவு கனமானது? அதே பணமும் அதே கிராமச் செவிலியரின் உழைப்பும் வேறெங்கே செலவானால் அதிகம் பேருக்கு நோய் வராமல் இருக்கும்?

முதலில் செங்கற்பட்டு. அது அவசரமாகச் செய்யப்பட்ட ஆய்வாக இருந்திருந்தால் ஒதுக்கிவிடலாம். அப்படி ஒதுக்க வழியே இல்லாத அளவுக்குக் கவனமாகத் திட்டமிடப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்தின. சுமார் 2,80,000 பேருக்குக் குலுக்கல் முறையில் ஊசி பிரித்துப் போடப்பட்டது. யாருக்கு எந்த ஊசி என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பி.சி.ஜி.யின் உலகெங்கும் உள்ள ரகங்களில் வீரியம் மிக்கவை என்று கருதப்பட்ட பாரிஸ் ரகத்தையும் டென்மார்க் ரகத்தையும் எடுத்தார்கள். குறிப்பிட்ட இடைவெளிகளில் ஊர் முழுவதையும் மீண்டும் மீண்டும் எக்ஸ்ரே எடுத்து, சளியை வளர்ப்புச் சோதனைக்கு அனுப்பி, நோயாளி தானாக மருத்துவமனைக்கு வரட்டும் என்று காத்திருக்காமல் தேடிக் கண்டுபிடித்தார்கள். ஏழரை ஆண்டு முடிவுகள் 1979இல் வெளிவந்தபோது பலரால் நம்ப முடியவில்லை. ஏனென்றால் 1950இல் பிரிட்டனில் பள்ளி முடிக்கும் வயதுப் பிள்ளைகளிடம் தொடங்கிய சோதனை, இருபது ஆண்டுகளில் 77 விழுக்காடு பாதுகாப்பைக் காட்டியிருந்தது. அங்கே நாலில் மூன்று பேரைக் காத்த மருந்து இங்கே ஒருவரையும் காக்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிவிலும் பெரியவர்களுக்குப் பாதுகாப்பு இல்லை. குழந்தைகளிடம் மட்டும் 27 விழுக்காடு அளவுக்கு ஒரு பலன் தென்பட்டது. அதுவும் புள்ளியியல் கணக்கில் சுழியத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடியாத அளவு.

ஏன் என்று கேட்டு எழுதப்பட்ட கட்டுரைகள் ஒரு நூலகத்தை நிரப்பும். நம் மண்ணிலும் தண்ணீரிலும் காசநோய்க் கிருமியின் தூரத்து உறவுகளான மைக்கோபாக்டீரியங்கள் ஏராளம். சிறு வயதிலேயே உடல் அவற்றைச் சந்தித்து ஓரளவு எதிர்ப்பைப் பெற்றுவிடுகிறது, அதற்கு மேல் பி.சி.ஜி. கூட்டித் தர எதுவுமில்லை, அல்லது ஊசியில் உள்ள உயிருள்ள கிருமி வேலையைத் தொடங்குவதற்கு முன்பே உடல் அதை அழித்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க பி.சி.ஜி.யின் பலன் குறைகிறது என்று 1994இல் வெளியான கூட்டாய்வு காட்டியதும் இதற்கு ஒத்துப்போகிறது. தென்னிந்தியக் காசநோய்க் கிருமிகள் கினிப் பன்றிகளிடம் வீரியம் குறைந்தவையாக இருந்தன என்பது இன்னொரு விளக்கம். ஏற்கெனவே தொற்றியவருக்கு ஊசி உதவாது என்பது மூன்றாவது. 2014இல் வந்த விரிவான கூட்டாய்வும், பிறந்த குழந்தைகளிடமும் தோல் சோதனையில் தொற்று அறவே இல்லை என்று உறுதியான பள்ளிப் பிள்ளைகளிடமுமே பலன் அதிகம் என்றது.

என் பார்வையில் முதல் விளக்கமும் மூன்றாவதும் சேர்ந்தே உண்மைக்கு அருகில் நிற்கின்றன. ஆனால் இந்த வாதத்துக்கு எது சரி என்று முடிவு செய்வதுகூட அவசியமில்லை. இவற்றில் எதை ஏற்றாலும் அது பெரியவர்களுக்கு பி.சி.ஜி. போடும் திட்டத்துக்கு எதிராகவே பேசுகிறது. ஒரு சிற்றூரில் அறுபது ஆண்டுகள் வாழ்ந்தவர் அறுபது ஆண்டுகளாக அந்த மண்ணின் கிருமிகளைச் சந்தித்தவர். காசநோய்க் கிருமி தொற்றியிருக்கும் வாய்ப்பு வயதோடு கூடிக்கொண்டே போகும். இளையவர்கள் பெரும்பாலோர் பிறந்தபோதே ஒரு முறை பி.சி.ஜி. போட்டுக்கொண்டவர்கள். ஊசி தோற்பதற்கான காரணங்கள் அத்தனையும் ஒன்றுகூடும் வயதையும் இடத்தையும் தேர்ந்தெடுத்து அதே ஊசியைப் போடுவதற்கு, புதிதாக வலுவான சான்று ஒன்று வேண்டும்.

அதற்கு முன் இன்னொன்றைத் தெளிவாக்க வேண்டும். செங்கற்பட்டைக் காட்டிக் குழந்தைகளுக்கு பி.சி.ஜி. வேண்டாம் என்று பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஆய்வு துணைபோகாது. சளியில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை அளக்கவே அது அமைக்கப்பட்டது. கைக்குழந்தைகளைக் கொல்லும் மூளையுறைக் காசநோயையும் இரத்தத்தில் கலந்து உடலெங்கும் பரவும் வகையையும் அளக்க அது முனையவில்லை. அந்த இரண்டையும் பிறந்தவுடன் போடும் ஊசி பெருமளவு தடுக்கிறது என்பதற்கு வேறு நாடுகளின் ஆய்வுகள் போதிய சான்று தந்திருக்கின்றன. 2022இல் பல நாட்டு ஆய்வுகளின் தனிநபர் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் ஐந்து வயதுக்குட்பட்டவர்களிடம் 37 விழுக்காடு பாதுகாப்பு தெரிந்தது. வளரிளம் பருவத்தினரிடமும் பெரியவர்களிடமும் தெரியவில்லை. ஒரே ஆய்வு இரண்டையும் சொன்னது என்பதால் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள யாருக்கும் உரிமையில்லை.

சென்னை மாகாணத்தில் இந்தச் சண்டை பழையது. 1948இல் கிண்டியில் பி.சி.ஜி. தயாரிப்புக்கூடம் தொடங்கியது. 1955இல் ராஜாஜி, தான் ஏன் பி.சி.ஜி.யை எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு நூலே வெளியிட்டார். மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் ஊசி இயக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். பின்னாளைய செங்கற்பட்டு முடிவைக் கொண்டு ராஜாஜி வென்றுவிட்டார் என்று சொல்வது சரியாகாது. அவர் எழுதிய நாளில், ஊசி பலன் தருமா என்ற கேள்விக்கு இந்திய மண்ணிலிருந்து விடை சொல்லும் தரவு யாரிடமும் இல்லை. அவரிடமும் இல்லை, அமைச்சரிடமும் இல்லை. தரவு இல்லாத நிலையில் கோடிக்கணக்கானோருக்கு ஊசி போட்டுவிட்டு, அதன் பிறகே பெரும் சோதனைக்குப் போனோம் என்பதுதான் அந்தக் காலத்திலிருந்து இன்று நினைவில் வைக்க வேண்டியது.

புதிய சான்று இருக்கிறதா என்று பார்ப்போம். குழந்தைப் பருவத்தில் பி.சி.ஜி. பெற்றவர்களுக்கு இரண்டாம் முறை போட்டுப் பார்த்த பெரிய சோதனைகள் இரண்டு. மலாவியின் கரோங்கா மாவட்டத்தில் நடந்தது 1996இல் வெளியானது: இரண்டாவது ஊசி தொழுநோயைப் பாதியாகக் குறைத்தது, காசநோய்க்கு எதிராகக் கூடுதல் பாதுகாப்பு எதையும் தரவில்லை. பிரேசிலின் சல்வடோர், மனாவுஸ் நகரங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்தது 2005இல் வந்தது: பலன் 9 விழுக்காடு, அதுவும் சுழியத்தைத் தாண்டியது என்று சொல்ல முடியாதது.

பிறகு 2018இல் ஒரு நம்பிக்கை எழுந்தது. தென்னாப்பிரிக்காவில் 990 வளரிளம் பருவத்தினரிடம் நடந்த சோதனையில், மறு ஊசி பெற்றவர்களிடம் நிலைத்து நிற்கும் தொற்று 45 விழுக்காடு குறைந்தது என்று செய்தி வந்தது. பெரியவர்களுக்கு பி.சி.ஜி. என்ற எண்ணத்துக்கு உலகெங்கும் புத்துயிர் தந்தது இந்த எண்தான். ஆனால் அந்தச் சோதனை முதன்மையாக வைத்திருந்த இலக்கு வேறு. தொற்று முதன்முறை இரத்தச் சோதனையில் தெரிவதைத் தடுக்கிறதா என்பதே அதன் முதல் கேள்வி. அதில் ஊசி தேறவில்லை. நிலைத்து நிற்கும் தொற்று என்பது இரண்டாம் நிலைக் கேள்வி. எனவே அதையே முதல் கேள்வியாக வைத்து, 1,800க்கும் மேற்பட்டவர்களிடம் புதிய சோதனை நடத்தினார்கள். 2025இல் வந்த முடிவு: ஊசி பெற்றவர்களில் 62 பேர், பெறாதவர்களில் 59 பேர். பாதுகாப்பு சுழியம். அறிவியல் தன்னைத் தானே சரிபார்த்துக்கொண்டதற்கு இதைவிட நேர்த்தியான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆனால் இந்தியாவில் ஊசித் திட்டம் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது.

ஊசிக்கு ஆதரவான தரப்பு முன்வைக்கும் மற்றொரு வகைச் சான்று ஆய்வுக்கூடத்திலிருந்து வருகிறது. பி.சி.ஜி. போட்டால் டி செல்கள் பெருகுகின்றன, சைட்டோகைன்கள் உயர்கின்றன, உடலின் பிறவிப் பாதுகாப்புச் செல்களே பயிற்சி பெற்றவை போல விழிப்படைகின்றன. நெதர்லாந்தில் மிஹாய் நெட்டேயாவின் குழு இந்தப் பயிற்சி பெற்ற எதிர்ப்பாற்றலைப் பற்றிச் செய்த ஆய்வுகள் நோய் எதிர்ப்பியலையே புரட்டிப்போட்டவை; அவற்றின் மதிப்பில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இரத்தச் சோதனையில் தெரியும் மாற்றம் நோயைத் தடுக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. காசநோயில் இந்தப் பாடத்தை உலகம் பெருவிலை கொடுத்துக் கற்றது. ஆக்ஸ்ஃபோர்டில் உருவான எம்.வி.ஏ.85ஏ என்ற தடுப்பூசி ஆய்வுக்கூட அளவுகளில் நன்றாகவே தேறியது. தென்னாப்பிரிக்காவில் 2,797 குழந்தைகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2013இல் வந்தபோது அது நோயைத் தடுக்கவில்லை என்று தெரிந்தது. கொரோனாக் காலத்தில் பி.சி.ஜி. போடும் நாடுகளில் சாவு குறைவு என்று வரைபடங்கள் பரவியதை மறந்திருக்க மாட்டோம். மருத்துவப் பணியாளர்களிடம் பல நாடுகளில் நடந்த பிரேஸ் சோதனை 2023இல் வெளியானது; கொரோனாவை பி.சி.ஜி. குறைக்கவில்லை.

இவ்வளவையும் ஒருபுறம் வைத்த பின்னும் மறுதரப்புக்கு ஒரு நியாயமான வாதம் மிஞ்சுகிறது. பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் சோதிக்கப்பட்டவர்கள் பிள்ளைகள். சர்க்கரை நோயுள்ள அறுபத்தைந்து வயது முதியவருக்கும் எலும்பும் தோலுமாக உள்ள கூலித் தொழிலாளிக்கும் இந்த ஊசி என்ன செய்யும் என்பதை அந்த ஆய்வுகள் நேராகச் சொல்லவில்லை. உண்மைதான். இதற்கு விடை தேட வேண்டுமென்றால் அவர்களையே எடுத்துக் குலுக்கல் முறையில் பிரித்து, வெற்று ஊசியோடு ஒப்பிட்டுச் சோதிக்க வேண்டும். இப்போது நடப்பது சில மாவட்டங்களில் ஊசி போட்டு, போடாத மாவட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறை. விருப்பப்பட்டு முன்வருபவர் மட்டுமே போட்டுக்கொள்வார். முன்வருபவர் பெரும்பாலும் தன் உடல்மேல் அக்கறை உள்ளவர், சுகாதார நிலையத்தோடு தொடர்பு உள்ளவர். காசநோய் விகிதம் மாவட்டத்துக்கு மாவட்டம், ஆண்டுக்கு ஆண்டு வேறு காரணங்களாலும் மாறும். தேடிக் கண்டுபிடிக்கும் முயற்சி கூடினாலே எண்ணிக்கை கூடும். இந்த வடிவத்தில் பத்து, இருபது விழுக்காடு வித்தியாசம் தெரிந்தால் அது ஊசியால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. தெரியாவிட்டாலும் ஊசி தோற்றது என்று ஒப்புக்கொள்ள யாரும் கட்டுப்பட மாட்டார்கள். 1968இல் குறைந்த வசதிகளோடு நாம் செய்துகாட்டிய கண்டிப்பிலிருந்து 2024இல் பின்வாங்கியிருக்கிறோம். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

இனி இரண்டாவது கேள்வி: அதே பணமும் உழைப்பும் வேறெங்கே செலவானால் அதிகம் பேருக்கு நோய் வராமல் இருக்கும்? அதற்கும் சென்னையிலிருந்தே தொடங்க வேண்டும்.

1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் திறக்கப்பட்டது. இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதன் வழித்தோன்றல். வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சானடோரியத்திலும் மறு பிரிவுக்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் காற்றோட்டமும் இருந்தன. வீட்டில் நெரிசலும் அரைவயிற்றுச் சோறும். 1959இல் முடிவு வந்தபோது இரு பிரிவிலும் பெரும்பாலோர் குணமாகியிருந்தார்கள். வீட்டில் உடனிருந்தவர்களுக்கும் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகெங்கும் சானடோரியங்களின் கதவை மூடவைத்த ஆய்வு இது. வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுப் பிழைத்த ஏழைகளின் எண்ணிக்கையை யாரும் கணக்கிட்டு முடிக்க முடியாது. தமிழ்நாடு மருத்துவ உலகுக்குக் கொடுத்த கொடைகளில் இதை முதல் வரிசையில் வைப்பேன்.

ஆனால் அந்த ஆய்விலிருந்து அது சொல்லாத ஒன்றையும் கறந்துவிட்டார்கள். மருந்து ஒழுங்காக உள்ளே போனால் சாப்பாடு பொருட்டல்ல என்ற எண்ணம் அரை நூற்றாண்டுக்குக் காசநோய்த் திட்டங்களில் ஊறிப்போயிற்று. சென்னை ஆய்வு கேட்ட கேள்வி, முழு மருந்தும் பெறும் நோயாளிக்குச் சானடோரியம் கூடுதலாக எதைத் தருகிறது என்பது. பட்டினி நோயை வரவழைக்கிறதா என்று அது கேட்கவில்லை. எடை மிகக் குறைந்த நோயாளி மருந்து வேலை செய்வதற்கு முன்பே செத்துப்போகிறாரா என்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்க ஜார்க்கண்ட் வரை, 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அனுராக் பார்கவா, மாதவி பார்கவா இருவரும் நம் சேத்துப்பட்டு நிறுவனத்தோடும் அரசின் காசநோய்த் திட்டத்தோடும் சேர்ந்து நடத்திய ரேஷன்ஸ் ஆய்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 28 காசநோய்ப் பிரிவுகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வசித்த 10,345 பேர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப் பொருள் கிடைத்தது. ஒரு பாதி இடங்களில் மட்டும் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே நுண்சத்து மாத்திரை. பிறகு அந்த வீட்டார்களில் யாருக்கு நோய் வருகிறது என்று 2022 நடுப்பகுதி வரை பார்த்தார்கள். உணவு பெறாத பக்கம் 122 பேருக்கும், பெற்ற பக்கம் 96 பேருக்கும் நோய் வந்தது. பெற்ற பக்கத்தில் ஆட்கள் அதிகம். எல்லா வகைக் காசநோயும் 39 விழுக்காடு குறைந்தது. கிருமி உறுதியான நுரையீரல் நோய் 48 விழுக்காடு. நோயாளிகளிலேயே ஐந்தில் நான்கு பேர் எடை குறைந்தவர்கள். முதல் இரண்டு மாதத்தில் ஐந்து விழுக்காடு எடை கூடியவர்களிடம் இறப்பு 61 விழுக்காடு குறைவாக இருந்தது.

பி.சி.ஜி.க்கு வைத்த அதே உரைகல்லை இதற்கும் வைக்க வேண்டும். முதல் குறை, இதில் மறைப்பு இல்லை. அரிசி வந்தது அரிசி பெற்றவருக்குத் தெரியும். ஆனால் சளியில் கிருமி இருப்பதும் இல்லாததும் மனநிலையைப் பொறுத்ததல்ல. ஆய்வுக்கூட உறுதி பெற்ற நோயில்தான் பலன் அதிகம் தெரிந்தது என்பது இந்தக் குறையின் கூர்மையை மழுங்கடிக்கிறது. இரண்டாவது, பலனின் அளவு பற்றிய உறுதியின்மை. 39 என்பது நடுமதிப்பு; உண்மைப் பலன் 15 விழுக்காட்டிலிருந்து 57 வரை எங்கும் இருக்கலாம் என்கிறது கணக்கு. அகலமான இடைவெளிதான். ஆனால் அதன் கீழ்முனைகூட சுழியத்தைத் தொடவில்லை. மூன்றாவது, நோயாளிகளில் பார்த்த எடைக் கூடுதலும் இறப்புக் குறைவும் காரண காரியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை; பிழைக்கப் போகிறவருக்கே எடை கூடுகிறது என்றும் வாதிடலாம். இதை நான் ஏற்கிறேன். 61 என்ற எண்ணை மேடைகளில் முழங்குவதைவிட 39ஐயும் 48ஐயும் பேசுவதே நேர்மை. நான்காவது, இடம். கடும் வறுமையும் ஊட்டக் குறைவும் உள்ள ஜார்க்கண்டில் கண்டது, சராசரி எடை கூடிக்கொண்டிருக்கும் கோயம்புத்தூருக்கும் எர்ணாகுளத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

இன்னொரு பக்கமும் உண்டு. ஆய்வின் பெரும்பகுதி கொரோனாக் காலத்தில் நடந்தது. 2020 ஏப்ரலிலிருந்து மத்திய அரசு ரேஷன் கடைகளில் ஆளுக்கு 5 கிலோ தானியத்தை இலவசமாகக் கூட்டிக் கொடுத்தது. ஒப்பீட்டுப் பக்கத்து வீடுகளுக்கும் அது போயிருக்கும். இரு பக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தை அது சுருக்கியிருக்குமே தவிரப் பெருக்கியிருக்காது.

உணவு என்றாலே வெற்றி என்ற முடிவுக்கும் போகக் கூடாது. மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தார்கள். 2020இல் வந்த முடிவில் காசநோய்த் தொற்று குறையவில்லை. ஒற்றைச் சத்தை மாத்திரையாக்கிக் கொடுப்பதற்கும் வயிறு நிறையச் சோறும் பருப்பும் கொடுப்பதற்கும் உள்ள தூரம் இதில் தெரிகிறது. மருந்துக் கடையில் நோய் எதிர்ப்புச் சக்தி என்று அச்சடித்து விற்கும் பொடிகளுக்கு ரேஷன்ஸ் ஆய்வைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் அதைப் படிக்கவில்லை.

உடலியல் என்ன சொல்கிறது? எடை கூடும்போது காசநோய் வாய்ப்பு குறைவது பல நாட்டுத் தரவுகளில் ஒரே சீராகத் தெரிகிறது: உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் பி.எம்.ஐ. ஒரு புள்ளி உயர்ந்தால் நோய் வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு இறங்குகிறது. பட்டினியில் தைமஸ் சுரப்பி சுருங்குகிறது, டி செல்கள் குறைகின்றன, காசநோய்க் கிருமியை அடைத்து வைக்கத் தேவையான இன்டர்ஃபெரான்-காமா போன்ற எதிர்ப்புச் சுரப்புகள் தளர்கின்றன. கிருமி தொற்றியும் நோய் வராமல் இருப்பவர்களில் எடை குறைந்தோரிடம் இந்தத் தளர்ச்சியைச் சேத்துப்பட்டு ஆய்வாளர்களும் காட்டியிருக்கிறார்கள். இதை வைத்துப் பார்த்தால், எடை குறைந்தவருக்குத் தடுப்பூசி போடும் யோசனையில் ஓர் அடிப்படை முரண் இருக்கிறது. ஊசி புதிய பாதுகாப்புச் செல்களைப் பெருக்கச் சொல்லி உடலைக் கேட்கிறது. பெருக்குவதற்கான புரதம் அந்த உடலில் இல்லை என்பதால்தான் அவர் இந்தப் பட்டியலுக்கே வந்தார். இது ஓர் ஊகம். ஆய்வுக்கூடச் சான்றின் மேல் அளவுக்கு மீறிச் சாயக் கூடாது என்று மேலே சொன்னது எனக்கும் பொருந்தும். ஆனால் இந்த ஊகத்தின் பின்னால் நோயே குறைந்ததைக் காட்டிய ஒரு சோதனை நிற்கிறது. ஊசிக்குப் பின்னால் அப்படி ஒன்று இல்லை.

அரசு செய்திருப்பதையும் பார்க்க வேண்டும். நிக்ஷய் போஷண் திட்டத்தில் 2018 ஏப்ரல் முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தார்கள். ஆறு ஆண்டுகளுக்கு மேல் விலைவாசி ஏறியும் அந்தத் தொகை நகரவில்லை. 2024 நவம்பரில்தான் 1,000 ஆயிற்று. வரவேற்க வேண்டியது. ஆனால் ஜார்க்கண்டில் நோயைத் தடுத்த உணவு, நோயாளிக்குப் போனதல்ல, அவர் வீட்டாருக்குப் போனது. வீட்டாரையும் உணவு உதவியில் சேர்ப்பதாக 2024 அக்டோபரில் அறிவித்தபோது அதை நன்கொடையாளர்கள் பொறுப்பில் விட்டார்கள். ஊசிக்கு அரசு வரவுசெலவில் இடம் இருக்கிறது. சான்று உள்ள அரிசி பருப்புக்குப் புரவலரைத் தேட வேண்டியிருக்கிறது. புரவலர் கிடைக்கும் ஒன்றியத்தில் கிடைக்கும், கிடைக்காத ஒன்றியத்தில் கிடைக்காது. மிகவும் வறண்ட ஒன்றியங்களில்தான் புரவலர்களும் குறைவு.

தமிழ்நாட்டின் காசநோய் இறப்பில்லாத் திட்டம் இந்த வகையில் நல்ல முன்மாதிரி. 2022இல் தொடங்கிய அது, நோய் கண்டுபிடித்த அன்றே எடையையும் மூச்சு விகிதத்தையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்து, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று கவனித்து, மோசமாக இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. பெரிய கருவி எதுவும் வேண்டாத வேலை இது. எடை பார்க்கும் இயந்திரத்தைக் காசநோய்ச் சிகிச்சையின் கருவியாக ஏற்றதே சென்னை ஆய்வின் பெயரால் பரவிய பழைய தவறான எண்ணத்தைத் தமிழ்நாடே திருத்திக்கொண்டதாகும். ஆனால் இதுவும் நோயாளியோடு நின்றுவிடுகிறது. வீட்டாரின் எடையை யாரும் எடுப்பதில்லை.

புதிய தடுப்பூசிகளுக்கு நான் எதிரி அல்ல. எம்72 என்ற தடுப்பூசி தென்னாப்பிரிக்கா, கென்யா, சாம்பியா நாடுகளில் கிருமி தொற்றிய 3,500க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம் ஏறத்தாழ பாதி நோயைத் தடுத்தது. இப்போது சுமார் 20,000 பேரிடம் மூன்றாம் கட்டச் சோதனை நடக்கிறது. அது தேறினால் இந்தியா அதை வாங்கவோ தயாரிக்கவோ முதல் வரிசையில் நிற்க வேண்டும். பெரியவர்களின் நுரையீரல் நோயைத் தடுக்கிறதா என்ற சரியான கேள்வியைக் கேட்டு, வெற்று ஊசியோடு ஒப்பிட்டு, விடை வரும்வரை பொறுக்கும் முறை அங்கே இருக்கிறது. பெரியவர்களுக்கான பி.சி.ஜி.யில் நான் தேடுவதும் அதுவே.

ஆகவே என் தீர்ப்பு இது. பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. தொடர வேண்டும், ஒரு குழந்தையும் விடுபடாமல். பெரியவர்களுக்கு பி.சி.ஜி. போடுவதை இன்றைய வடிவத்தில் மேலும் மாவட்டங்களுக்கு விரிக்கக் கூடாது. தொடர்வதாக இருந்தால் குலுக்கல் முறைக்கும் வெற்று ஊசிக்கும் திரும்ப வேண்டும். முதன்மைக் கேள்வியை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். எடை, வயது, சர்க்கரை என்று பின்னாளில் கூறுபோட்டு எங்காவது பலன் தெரிகிறதா என்று துழாவுவதைச் சான்றாக ஏற்கக் கூடாது. அப்படி நடந்த சோதனை ஒன்று, எடை குறைந்த பெரியவர்களிடம் கிருமி உறுதியான நோயைக் கால் பங்காவது குறைத்தது என்று காட்டினால் இந்தத் தீர்ப்பை மாற்றிக்கொள்வேன்.

உணவுக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. எடை குறைந்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள மாவட்டங்களில், நோய் உறுதியான அன்றே நோயாளியின் குடும்ப அட்டையில் ஆறு மாதத்துக்குக் கூடுதல் அரிசியும் பருப்பும் தானாக ஏற வேண்டும். மனுவும் புரவலரும் வேண்டாம். வீட்டார் அனைவரையும் முதல் நாளும் ஆறாம் மாதமும் எடை பார்க்க வேண்டும். மற்ற மாவட்டங்களில், குறிப்பாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும், எடை குறைந்த வீட்டாருக்கு மட்டும் உணவு தந்தால் போதுமா என்று புதிதாகச் சோதிக்க வேண்டும். ஜார்க்கண்ட் கணக்குப்படி ஒரு காசநோயைத் தடுக்க ஏறத்தாழ 30 குடும்பங்களுக்கு, 111 பேருக்கு, ஆறு மாதம் அரிசி பருப்பு தர வேண்டும். ரேஷன் கடை ஊர்தோறும் இருக்கிறது. நோயாளிகளின் பட்டியலும் அரசின் கணினியில் இருக்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் ஓர் அரசாணை போதும்.